பல்லுக்கு ஆல்டரேஷன்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதை நகராது.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த நேரத்தில் நான் செய்ய வேண்டியிருந்த வேலை, ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுபோய்ச் சித்தியிடம் கொடுப்பது. சித்தி தன் கடையின் முன்னறையில், வாயைச் சரியாக மூடவும் முடியாமல், உள்ளே மாட்டிக்கொண்டதைக் கழற்றவும் முடியாமல், கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தாள். நான் பின்னறையில் குழாயைத் திறந்துவிட்டு, சொம்பு நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாக்கியம் இது: ‘சித்தியின் வாய்க்குள் ஒரு கதவு பூட்டிக்கொண்டது, சாவி வெளியே விழுந்துவிட்டது.’

பிரமாதம் என்று வேறு நினைத்தேன். முன்னறையில் சித்தி மேசையைத் தட்டினாள். நான் ‘சாவி’யை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறுபடி தட்டினாள்.

இப்போது தெரிந்துவிட்டதல்லவா, உங்களுக்குக் கதை சொல்லப்போகிறவள் எப்பேர்ப்பட்டவள் என்று. பிடிக்கவில்லையென்றால் இங்கேயே எழுந்து போகலாம். நானாக இருந்தால் போயிருப்பேன்.

2

தூக்கிப் போட்ட ஆரம்பங்கள்:

‘சிரிக்கத் தெரிந்த ஒரே உயிர் மனிதன் என்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஆதாரமாக விளங்கும் பற்களைப் பற்றி நாம்—’ (வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.)

‘பார்சல் வந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது.’ (பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கிற வெயில். கதையில் துக்கம் வரப்போகிறது என்றாலே என் கை ஏன்தான் மழையைக் கூப்பிடுகிறதோ.)

‘சித்தி நன்றாகச் சிரிப்பாள்.’ (இது உண்மை. ஆனால் நான் பார்த்தது சின்ன வயதில். அப்புறம் எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. ஒரே தெருவில் இருந்துகொண்டு தெரியாது.)

மூன்றாவதோடு போகிறேன்.

3

சித்தி புதிதாக எதையும் தைப்பதில்லை. அடுத்தவர் தைத்ததைத் திருத்துவாள். இடுப்பைப் பிடிப்பாள், கையைக் குறைப்பாள், கழுத்தை ஏற்றுவாள், நீளத்தை மடிப்பாள். ஆன்லைனில் துணி வாங்குகிறவர்கள் உலகத்தில் இருக்கிறவரை அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. சிலர் பார்சலை வீட்டுக்கே வரவைப்பதில்லை. நேராகச் சித்தி கடை முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். எப்படியும் இங்கேதானே வரப்போகிறது.

“போட்டோல நிக்கிற பொண்ணுக்காகத் தைச்சதை வாங்கிட்டு வந்து, உங்களுக்கு ஏன் பத்தலைன்னு என்னைக் கேக்குறீங்க,” என்பாள் அவர்களிடம். “தொடாம பார்க்காம வாங்கினா இப்படித்தான். கல்யாணத்தையே இப்ப நாலு தடவை பார்த்துப் பேசிட்டுத்தான் பண்றாங்க. துணிக்கு மட்டும் என்ன அவசரம்?”

திட்டுவாளே தவிர, ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. “ரெடிமேட்ல பொருந்தாததுன்னு ஒண்ணு கிடையாது. பொருந்த வைக்கத் தெரியாதவதான் இருக்கா.” இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நம்பிக்கைதான் அவளைக் கவிழ்த்தது.

அவள் அளவு எடுக்கிற முறை வேறு மாதிரி. எண் போட்ட டேப்பைத் தொடமாட்டாள். ஒரு வெறும் வெள்ளை நாடா. டிரையல் ரூம் திரையை இழுத்துவிட்டு, நாடாவை இடுப்பில் சுற்றி, சேருகிற இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்துவாள். மார்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று. எண்ணைச் சொல்வதும் இல்லை, எழுதுவதும் இல்லை. நாடாவைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிடுவாள். வேலை முடிந்ததும் ஊசிகளை உருவிவிட்டால் நாடா மறுபடியும் வெறும் நாடா.

“நம்பரைச் சத்தமா சொன்னா ஆளோட மூஞ்சி சுருங்கிடும்டி. மூஞ்சியை நான் ஆல்டர் பண்ண முடியாது.”

கூச்சப்படுகிறவர்களிடம் திரையைப் போடும்போது ஒன்று சொல்வாள், எல்லாரிடமும் அதே வார்த்தை: “உள்ள வாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் மறந்துடுவேன்.”

அந்தக் குண்டூசிகளை அவள் வைத்திருப்பது வாயில். உதடுகளுக்கு நடுவில் ஒரு வரிசை. அதனால் பேச்சு எப்போதும் மூடிய வாய்க்குள்ளிருந்து, முணுமுணுப்பாகத்தான் வரும். தையல்காரி என்றால் அப்படித்தான் என்று நானும் நினைத்தேன், தெருவும் நினைத்தது.

நாடாவில் குத்த நாலைந்து ஊசி போதும். வாயில் இருந்தது ஒரு வேலி.*

* வாயில் ஊசி வைத்திருப்பவளை யாரும் ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்ல மாட்டார்கள். போட்டோவுக்குக் கூப்பிட்டாலும் “வேலையா இருக்கேன்” என்று வாயைச் சுட்டிக்காட்டிவிடலாம். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. எழுத்தாளர் என்றால் கூர்ந்து கவனிப்பவர் என்று எங்கேயோ சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

4

பல் போனது இப்படி: ஈறில் ரத்தம் வந்தது. சரியாகிவிடும் என்று விட்டாள். ஒன்று ஆடியது. ஆடியதை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், விழுந்தது. பக்கத்தில் இருந்ததற்குத் துணை போயிற்று, அதுவும் ஆடியது. கடைசியில் மேல்வரிசையில் முன்பக்கம் மிச்சம் நின்றது இரண்டு கோரைப்பல் மட்டும். ஆளில்லாத வீட்டு வாசலில் இரண்டு தூண் மாதிரி.

(இந்த உவமையைச் சித்தி அடிக்கச் சொன்னாள். “ஆளில்லாத வீடா நான்?” அடித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.)

கடைக்கு நேர் எதிரே, மாடியில், பல் டாக்டர். சித்தியின் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினால் போர்டில் வரைந்த பெரிய வெள்ளைப் பல் தெரியும். ஒருநாள் மெஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள், தெருவுக்கு முதுகு காட்டி. ஏன் என்று கேட்டதற்கு, “வெளிச்சம் கண்ணைக் குத்துது,” என்றாள். அதையும் நம்பினேன்.

சித்தப்பா நம்பவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குழந்தைகளின் பொய்யைக் கேட்டுப் பழகிய காது.

“ரோட்டைத் தாண்டினா டாக்டர். அதுக்கு ஏன்மா இவ்வளவு யோசனை?”

“காசு யாரு குடுப்பா?”

“நான் குடுக்கிறேன்.”

“அது என் காசுதானே.”

காசு இல்லை என்று சொல்வதில் அவளுக்கு வெட்கமில்லை. அதனால் அதையே காரணமாக வைத்துக்கொண்டாள். நிஜக் காரணம் அந்த டாக்டரம்மா இவளுடைய வாடிக்கையாளர். அவர் வெள்ளைக் கோட்டுகளெல்லாம் சித்தி கையில்தான் சரியாகும். அவர் உடம்பில் ஒரு—

இல்லை. இதை எழுதியிருந்தேன். சித்தி படித்துவிட்டு என் காதைப் பிடித்துத் திருகினாள். “நான் பதினஞ்சு வருஷமா சொல்லாததை நீ அச்சுல போடுவியா?” எடுத்துவிட்டேன். டாக்டரம்மாவுக்கு ஏதோ ஒரு கூச்சம். அது வெளியே தெரியாமலிருக்கக் கோட்டின் உள்ளே சித்தி ஏதோ ஒன்று செய்வாள். அவ்வளவுதான் நமக்கு.

“அவங்க முன்னாடி போய் வாயைத் திறந்தா முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா?” என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள். “‘ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?’ அதுக்கு என்னடி பதில் இருக்கு? வெக்கமா இருந்துச்சுன்னா? வெக்கத்துக்கு வெக்கமே காரணம்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?”

5

அவளைப் பல் வாங்க வைத்தது ஒரு குழந்தை.

அம்மாவோடு கடைக்கு வந்தது. சித்தியை நிமிர்ந்து பார்த்தது, ஊசி வரிசையைப் பார்த்தது, அக்கறையாகக் கேட்டது: “ஆன்ட்டி, உங்க வாயை யாரு தைச்சாங்க?”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பின்னறையிலிருந்து நானும். சித்தியும் சிரிக்கிற மாதிரி தோளைக் குலுக்கினாள். அன்று மாலையே போனை எடுத்துத் தேடியிருக்கிறாள். கிடைத்தது: ஒரு வரிசை செயற்கைப் பல், ஒரு சிறு பொட்டலம் வெள்ளை மணிகள், ஜவ்வரிசி மாதிரி. மணிகளைச் சுடுதண்ணீரில் போட்டால் இளகும். பல் வரிசையின் உள்பக்கம் அப்பி, ஈறில் வைத்து அழுத்தினால் நம் வாய்க்கு ஏற்ப இறுகும். டாக்டர் வேண்டாம். அளவு வேண்டாம். யாருக்கும் தெரிய வேண்டாம். எல்லாருக்கும் ஒரே சைஸ்.

ஒரே சைஸ் என்று போட்டு வந்த எத்தனை துணியைப் பார்த்துக் காறித் துப்பியிருக்கிறாள் இவள்! ஆனால் அவளுக்குத் தோன்றியது வேறு. மற்றவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம், ஆல்டரேஷன்காரிக்குப் பொருந்தாமல் போகுமா?

பார்சல் மற்றவர்களின் பார்சல்களோடு கலந்து வந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வேன் வந்து நின்றது. சித்தப்பா இறங்கினார். “வாங்க,” என்றாள். வந்தது பல். உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள்.

மறுபடி மாட்டிக் காட்டினாள். சித்தப்பா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“அடடே, யாரும்மா நீ? எங்க வீட்டுக்காரி உள்ள இருக்காளா?”

“விளையாடாதீங்க. எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. ஜிப்பு மேல வரைக்கும் ஏத்தின மாதிரி.”

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

நாளும் ராத்திரியுமாக ஆல்டரேஷன் ஆரம்பித்தது. லூஸாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மணி. உயரமாக இருந்தால் நகம் ராவுகிற அரத்தால் ஒரு தேய்ப்பு. இடது பக்கம் தூக்குகிறதா, வலது பக்கம் பிடி. துணிக்கு என்னவெல்லாம் செய்வாளோ அத்தனையும். ஈறு துணியில்லை என்று அவளுக்கு யார் சொல்வது? அவள் ராவுவதுதான் யாருக்கும் தெரியாதே.

ஒரு பக்கம் எரிய ஆரம்பித்தது. புதுச் செருப்பு முதலில் கடிக்கும், அப்புறம் பழகிவிடும் என்று விட்டாள். பழகவில்லை. சூடாக எதுவும் குடிப்பதை நிறுத்தினாள். மெல்லுவதை மறுபக்கத்துக்கு மாற்றினாள். கடையில் மறுபடியும் ஊசி, இந்தத் தடவை செயற்கைப் பல்லுக்கு முன்னால்.

6

இங்கே கதையை நிறுத்தி ஒரு விஷயம். முதல் பிரதியைச் சித்தியிடம் கொடுத்தபோது மெஷினில் உட்கார்ந்தபடியே படித்தாள். காலை எடுக்கவில்லை, பெடல் மேல் பாதம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. படித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

“நல்லா இருக்கு. பல்லை எடுத்துடு.”

“பல்லை எடுத்தா கதை ஏது சித்தி?”

“முழங்கால்னு போடு. முழங்கால் வலின்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. மரியாதையான வியாதி.”

போட்டுப் பார்த்தேன். இதோ:

‘சித்தி ஆன்லைனில் ஒரு முழங்கால் வாங்கினாள். சுடுதண்ணீரில் போட்டு—’

சத்தியமாக முயற்சி செய்தேன். முழங்காலை மறைக்க யாரும் ஊசி வைத்துக்கொள்வதில்லை. ‘ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க’ என்று முழங்காலைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தலை குனியாது. எந்த உறுப்புக்கு அவமானம் உண்டு, எதற்குக் கிடையாது என்று யார் பிரித்துக் கொடுத்தார்களோ தெரியவில்லை. கண் போனால் கண்ணாடியைப் பெருமையாக மாட்டிக்கொள்கிறோம். பல் போனால் மட்டும் நாமே ஏதோ திருடிவிட்ட மாதிரி—

(கட்டுரை வாடை. நிறுத்துகிறேன்.)

“முழங்கால் சரியா வரல சித்தி.”

“அப்ப எழுதாதே,” என்று பிரதியைச் சுருட்டி வெட்டுத்துணிக் கூடையில் போட்டாள். மறுபடி எழுத ஏன் விட்டாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

7

அந்த மத்தியானம்.

சாப்பாட்டு நேரம், ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. சித்தப்பா வேனில். நான் வழக்கம்போலப் பின்னறையில், துணி மூட்டைகளுக்கு நடுவில், எழுதுகிறேன் பேர்வழி என்று போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அன்று மாலைக்குள் டாக்டரம்மாவின் கோட்டு ரெடியாக வேண்டும். அவர் வந்தால் இந்தத் தடவை ஊசி இல்லாமல் இரண்டு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று சித்திக்கு ஒரு ஆசை. பல் நழுவாமல் நிற்க வேண்டும். மீதியிருந்த மணிகள் மொத்தத்தையும் இளக்கி, அப்பி, இரண்டு கட்டைவிரலாலும் மேலே தூக்கி அழுத்தி, கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இளகினது நாலா பக்கமும் ஓடி அந்த இரண்டு கோரைப்பல்லையும் சுற்றிக்கொண்டு இறுகிவிட்டது. காஜாவுக்குள் பட்டன் போட்ட மாதிரி. பட்டனென்றால் கழற்றலாம்.

“ஏய். இங்க வா.”

போனேன். குரலே வேறாக இருந்தது.

“கழல மாட்டேங்குதுடி.”

“இழுத்துப் பார்த்தியா?”

“இழுத்தா உயிர் போகுது. ஜிப் புடுங்குற குறடு எங்க?”

“சித்தி, குறடா? பைத்தியமா உனக்கு?”

“எடுன்னா எடு.”

நான் அவள் மேலுதட்டை விரலால் தூக்கினேன். முதல் தடவையாக உள்ளே பார்த்தேன். பல்லுக்கு மேலே, ஈறும் கன்னமும் சேருகிற இடத்தில், ஓரம் வெளுத்து நடுவில் சிவந்து, ஒரு புண். நேற்று வந்ததில்லை. போன வாரம் வந்ததும் இல்லை. ரொம்ப நாளாகக் குடியிருக்கிற புண்.

“சித்தி, இது எப்பலேருந்து? ஏன் இவ்வளவு நாள் விட்டே?”

கேட்டுவிட்டேன். எந்தக் கேள்விக்குப் பயந்து அவள் மெஷினைத் திருப்பிப் போட்டாளோ, அதை டாக்டர் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

அவள் என் கையை விலக்கினாள். “தண்ணி கொண்டா. குளுந்தா சுருங்கும், சுருங்கினா கழண்டுடும்.”

சுருங்கினால் துணி கழலுமா, இன்னும் இறுகுமா? இது தெரியாதவளா அவள்? வலி வந்தால் கற்ற தொழிலும் மறந்துபோகும். நான் சொம்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். கதவு, பூட்டு, சாவி.

8

இதற்கப்புறம் நான் எழுதிக் கிழித்தவை:

முடிவு ஒன்று. நான் சொம்பை எறிந்துவிட்டு ஓடி, படியேறி, டாக்டரைக் கையோடு கூட்டிவருகிறேன். எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். (நடக்கவில்லை. வாசலுக்குப் போனேன். “நீ போனேன்னா நான் செத்துடுவேன்,” என்றாள். நின்றுவிட்டேன். அவள் சொன்னதற்காக நின்றேனா, எனக்கே டாக்டரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேனா என்று இன்னும் யோசிக்கிறேன்.)

முடிவு இரண்டு. குறடு. பல்லோடு பல்லும், அதோடு கொஞ்சம் தாடையும். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதினேன். பக்கம் முழுக்க ரத்தம் வந்தது. படித்துப் பார்த்தால் அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

முடிவு மூன்று. ஷட்டருக்குக் கீழே வெள்ளைச் செருப்பு தெரிகிறது. “கோட்டு ரெடியா?” என்று டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார்.

இதை நான் கற்பனை செய்திருந்தால், ‘என்ன வசதியான தற்செயல்’ என்று நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு எட்டு வந்து போட்டுப் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். நடந்தது இதுதான்.

9

குரல் கேட்டதும் சித்தி எழுந்து டிரையல் ரூமுக்குள் புகுந்து திரையை இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா ஷட்டருக்கடியில் குனிந்து உள்ளே வந்தார். “உங்க சித்தி எங்கம்மா?”

“வெளிய போயிருக்காங்க.”

“சாப்பிடவா?”

“இல்ல... ஆமா. நூல் வாங்க.”

தெருவிலுள்ள எல்லார் நீளத்தையும் திருத்துகிறவளின் டிரையல் ரூம் திரை அரை முழம் குட்டை. இத்தனை வருஷமாகத் திருத்த வேண்டும், திருத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். திரைக்குக் கீழே அவள் இரண்டு பாதங்களும் பளிச்சென்று தெரிந்தன. கட்டைவிரல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். மேசையில் ஆவி போகிற கிண்ணம், அதில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளை மணிகள், நகம் ராவுகிற அரம். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பொய் சொன்னதற்கா, மாட்டிக்கொண்டதற்கா தெரியவில்லை.

அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையைக் கீழே வைத்தார்.

“நான் இருக்கேன். அவசரமில்ல,” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மெஷின் மேல் மாட்டியிருந்த விசிறி கரகரவென்று ஓடியது. இந்த இடத்தில் ஒரு உள்மனப் போராட்டம் எழுதி வைத்திருந்தேன், இரண்டு பத்தி. எனக்கு எப்படித் தெரியும் அவள் உள்மனம்? எனக்குத் தெரிந்தது அந்தக் கட்டைவிரல்கள்தான். அவை மெதுவாகப் பின்னல் விட்டுப் பிரிந்தன.

திரையின் வளையங்கள் சத்தம் போட்டன. சித்திதான் விலக்கினாள். தலையை நிமிர்த்தவில்லை. வாயைக் கையால் மூடவில்லை.

டாக்டரம்மா எழுந்து போய், உள்ளே நுழைந்து, திரையைத் தன் கையால் இழுத்துவிட்டார். அப்போது சொன்னது எனக்குக் கேட்டது:

“எனக்கு மட்டும்தான் தெரியும். மறந்துடுவேன்னு சொல்ல முடியாது, டாக்டராச்சே. ஆனா யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்து: “வாய்ல ஊசி எதுவும் இல்லையே?”

“இல்ல,” என்றாள் சித்தி.

போன் டார்ச்சின் வெளிச்சம் திரைக்கு மேலே ஆடியது. அதற்குமேல் நான் போகவில்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்று நாலு விதமாக எழுதி வைத்திருக்கிறேன், நாலும் நன்றாகவே வந்திருக்கிறது. எதையும் இங்கே போடப்போவதில்லை. மறுபடி எழுத அனுமதி தரும்போது சித்தி வைத்த ஒரே நிபந்தனை அது. “திரைக்கு இந்தப் பக்கம் என்ன வேணா எழுதிக்க. உள்ள வராதே.”

வெளியே வந்ததும் இருவரும் தெருவைக் கடந்தார்கள். சித்தி அந்த வெள்ளைக் கோட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் மழை என்று நினைத்திருக்கலாம்.

மாடியில் அந்தப் பல் வரிசையைச் சிறு மெஷினால் துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு கோரைப்பல் அதோடு போய்விட்டது. டாக்டரம்மா எடுத்துச் சொன்னாராம்: பல் போன இடத்தில் உள்ளே எலும்பும் கரைந்துகொண்டே வரும், பொருந்தாத ஒன்றை வைத்து இறுக்க இறுக்க இன்னும் கரையும்.

“அப்ப நான் பிடிச்சதெல்லாம், துணியே இல்லாத இடத்துலயா?” என்று கேட்டிருக்கிறாள் சித்தி.

அந்தப் புண்ணைத்தான் அவர் ரொம்ப நேரம் பார்த்தாராம். “பல் அப்புறம் கட்டிக்கலாம். இது இத்தனை நாள் ஆறாம இருக்கக் கூடாது. துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறேன்.”

10

மறுபடி எழுத ஏன் விட்டாள் என்று சொல்கிறேன் என்றேன்.

ஒருநாள் கடைக்கு ஒரு பார்சல் வந்தது. வாடிக்கையாளர் ஒருத்தியுடையது, துணியென்று நினைத்துச் சித்தி பிரித்துவிட்டாள். அதே பெட்டி. அதே பல் வரிசை. அதே மணிப் பொட்டலம். அந்தப் பெண் வந்தபோது சித்தி பெட்டியை நீட்டினாள். அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள், “அது எங்க மாமியாருக்கு.”

சித்தி அவளை டிரையல் ரூமுக்குள் கூட்டிப்போய்த் திரையைப் போட்டாள். வெளியே வந்ததும் அந்தப் பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். சித்தி சொன்னதைக் கேட்டாளா கேட்கவில்லையா தெரியாது.

“எல்லாரும் மாமியாருக்குத்தான் வாங்குறாளுங்க,” என்றாள் சித்தி. வெட்டுத்துணிக் கூடையைக் கிளறி, சுருட்டிப் போட்டிருந்த பிரதியை எடுத்து, மேசையில் வைத்துக் கையால் நீவினாள். அப்புறம் அயர்ன் பாக்ஸை எடுத்து அதன் மேல் ஒரு தேய்ப்பு தேய்த்தாள். “எழுது. பல்லுன்னே போடு. ஆனா எங்க வாங்கினதுன்னு போடாதே.”

“ஏன், கேஸ் போடுவாங்கன்னா?”

“மண்ணாங்கட்டி. போட்டா அங்கயே போய் வாங்குவாளுங்க.”

11

டெஸ்ட் முடிவு வந்துவிட்டது.

இத்தனை தூரம் வந்துவிட்டீர்கள், அந்தப் புண் என்னவாயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நல்லதா, கெட்டதா. எனக்குத் தெரியும். சித்தப்பா கவரைப் பிரித்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். அவர் வேன் சாவியை எங்கே வைத்தார் என்று பிறகு மூன்று பேரும் தேடினோம், அது அவர் கையிலேயே இருந்தது. இதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முயலாதீர்கள். சந்தோஷத்திலும் சாவி தொலையும்.

முடிவை எழுதித்தான் இருந்தேன். ஒரு வரி. அதை எழுதும்போது எனக்குள் மறுபடியும் அந்தச் சொம்பு வழிகிற சத்தம் கேட்டது: ஆஹா, என்ன முடிவு, என்ன அடி! முகம் எரிய, எழுந்து கடைக்குப் போனேன். சித்தி மெஷினைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தாள். எதிரே மாடிப் போர்டில் அந்தப் பெரிய பல். வாயில் ஊசி இல்லை. மணிக்கட்டில் கட்டிய ஒரு சின்னப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்திருந்தாள். மேல்வரிசையில் முன்பக்கம் ஒற்றைப் பல்லோடு, கடைக்கு வந்த யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து, நன்றாகவே.

கடைசிப் பக்கத்தைக் கொடுத்தேன். படித்தாள். அந்த ஒரு வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

“நம்பரைச் சத்தமா சொல்லுவியா?”

“படிக்கிறவங்க கேப்பாங்களே சித்தி.”

“கேப்பாங்க. கேக்கட்டும்.” மணிக்கட்டிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து, தாளின் அடிப்பகுதியை, அந்த வரி உள்ளே போகிற மாதிரி மடித்துக் குத்தினாள். “நீளம் ஜாஸ்தி. கீழ மடிச்சுத் தை. வெட்டிடாதே, உள்ள கொஞ்சம் விட்டு வை. யாருக்காவது நீளம் பத்தலைன்னா பிரிச்சுக்கலாம்.”

அப்புறம் நாலாம் பகுதியைப் புரட்டிப் பார்த்தாள்.

“தூணை ஏன்டி இன்னும் எடுக்கல?”

மடித்திருக்கிறேன். வெட்டவில்லை. ஊசி உங்கள் பக்கம்தான் இருக்கிறது.